‘பிடி’ எல்லாம் ‘கேட்ச்’ அல்ல

கேட்கப்பட்டது இது: “பாம்பன்தான் சொந்த ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. தனுஷ்கோடி போகிற பாதையில் சங்கு, சிப்பிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தினமும் புழங்குகிற ஆங்கிலச் சொற்கள் ஐந்நூறு, எளிய தமிழ் அர்த்தத்தோடு கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவேன். பேச வந்துவிடும் இல்லையா?”

வராது தம்பி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மண்டபத்தில் பதினான்கு வருடமாகச் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆயிரம் சொல் நெட்டுருப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தவரிடம் ‘டீ சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்கத் தெரியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘வுட் யூ லைக் சம் டீ?’ அவ்வளவுதான். அந்த ஐந்து சொல்லும் அவர்கள் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தன.

பட்டியல் போட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1930இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களைப் பொறுக்கி எடுத்து, இதற்குள் எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்றார். அதில் வினைச்சொற்கள் மொத்தமே 18. கம், கோ, கிவ், கெட், டேக், புட், மேக், கீப், சே, சீ என்று எல்லாம் பொடிச் சொற்கள். பதினெட்டை வைத்து எப்படி ஓட்டுவது? அங்கேதான் விஷயம். ‘புட்’ என்றால் வை. சட்டையோடு ‘புட் ஆன்’ என்று வந்தால் போட்டுக்கொள். கல்யாணத்தை ‘புட் ஆஃப்’ செய்தால் தள்ளிப்போட்டார்கள். தீயை ‘புட் அவுட்’ செய்தால் அணைத்தார்கள். மாமியாரோடு ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். பட்டியல் சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பாரம் ஏறுகிறது. ‘புட் – வை’ என்று நோட்டில் எழுதியவனுக்கு இதில் ஒன்றுகூடக் கைக்கு வராது.

அதனால் ஐந்நூறு வேண்டாம். உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒரு தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவோம். பிடி. கடற்கரைக்காரனுக்கு இதைவிடப் பழகிய சொல் எது?

மீன் பிடித்தான், பந்தைப் பிடித்தான், திருடனைப் பிடித்தார்கள், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ சரியாக வரும். வலை தீப்பிடித்தது என்பதற்கும் அதுவேதான், ‘த நெட் காட் ஃபயர்’ (‘கேட்ச்’ நடந்து முடிந்தால் ‘காட்’). இரண்டு மொழியும் சொல்லி வைத்தாற்போல ஒரே தடத்தில் போகின்றன. சளி பிடித்தது? அதற்கும் ‘கேட்ச்’தான், ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. தமிழில் சளிதான் வந்து நம்மைப் பிடிக்கிறது. நாம் பாவம், சும்மா நிற்கிறோம். ஆங்கிலத்தில் நாமே போய் சளியைப் பிடிக்கிறோம், ‘ஐ காட் எ கோல்ட்’. ‘கோல்ட் காட் மீ’ என்று என்னிடம் வராத மாணவன் இல்லை. தமிழ் வாக்கியத்தை அப்படியே கவிழ்த்து வைத்தால் வருகிற தப்பு அது.

இந்த வரைக்கும் ‘பிடி = கேட்ச்’ என்று தைரியம் வந்துவிடும். அடுத்த அடியில் கால் வழுக்கும். குடை பிடி என்றால் ‘ஹோல்ட்’. படம் பிடி என்றால் ‘டேக்’. சிகரெட் பிடி என்றால் ‘ஸ்மோக்’. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்றால் ‘டிடக்ட்’. எனக்கு நண்டு பிடிக்கும் என்பதற்கு ‘லைக்’. ‘ஐ கேட்ச் கிராப்’ என்றால் நண்டு வலைக்குப் போகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வினையே தேவையில்லை, ‘ஸ்டபர்ன்’ என்று ஒரு குணச்சொல் போதும்.

அந்தப் பக்கமிருந்தும் பாருங்கள். ‘கேட்ச்’ பெயர்ச்சொல்லாக வந்தால் நம்முடைய பாடு, அதாவது வலையில் கிடைத்த மீன். ‘ஹவ் வாஸ் த கேட்ச் டுடே?’ என்றால் ‘இன்றைக்கு மீன்பாடு எப்படி?’ ஆனால் உங்கள் கடையில் ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, புருவத்தைத் தூக்கி ‘ஸோ சீப்? வாட்ஸ் த கேட்ச்?’ என்றால், அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறாயே, உள்ளே என்ன கொக்கி என்கிறார். தூண்டில்காரர்கள் ஊரில் ‘கொக்கி’ நன்றாகவே புரியும்.

ஆகவே நோட்டில் எழுதும்போது சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அது யாரோடு சேர்ந்து வருகிறதோ அந்தக் கூட்டாளியோடு எழுதுங்கள். ‘கேட்ச் எ பஸ்’, ‘டேக் எ போட்டோ’, ‘ஹோல்ட் அன் அம்ப்ரெல்லா’. எதிரே தமிழிலும் முழுதாக, ‘பஸ்ஸைப் பிடி’, ‘போட்டோ பிடி’, ‘குடை பிடி’. பிடிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் அது நிறையும். போடுவுக்கு இரண்டு பக்கம் வேண்டும். டீ போடு, ஃபேன் போடு, ஊசி போடு, சண்டை போடு, நங்கூரம் போடு என்று ஆங்கிலத்தில் இவை ஐந்தும் ஐந்து வேறு வினைகள். ஒன்றுகூட ‘புட்’ இல்லை. மேக் டீ, டர்ன் ஆன் த ஃபேன், கிவ் அன் இன்ஜெக்‌ஷன், குவாரல், டிராப் ஆங்கர். அடியையும் இதே போல ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். நாள் முழுக்க உங்களுக்குத் தேவைப்படுகிற வினை ‘பார்’. தமிழில் ஒன்றுதான், ஆங்கிலத்தில் மூன்று. தானாகக் கண்ணில் பட்டால் ‘சீ’. வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தால் ‘லுக்’. நடப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் ‘வாட்ச்’. படகில் போகும்போது ஓங்கல் (டால்பின்) துள்ளியதைக் கண்டேன் என்றால் ‘ஸா’. அதோ பாருங்கள் பாலத்தை என்றால் ‘லுக் அட் த பிரிட்ஜ்’. பாலம் மேலே ஏறுவதை நின்று பார்த்தோம் என்றால் ‘வாட்ச்ட்’. வாடிக்கையாளர் ‘ஐ அம் ஜஸ்ட் லுக்கிங்’ என்று சொன்னால் ‘சும்மா பார்க்கிறேன், என்னை விடு’ என்று பொருள். அதற்கு ஒரே பதில் ‘ப்ளீஸ், டேக் யுவர் டைம்’. பின்னாலேயே நடக்கக் கூடாது.

‘ரேட் என்ன’ என்று நாம் கேட்போம், ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு ‘பிரைஸ்’. ‘ரேட்’ என்பது கிலோவுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்கிற கணக்குக்கு. நீங்களே உங்கள் சரக்கை ‘சீப்’ என்று சொல்லாதீர்கள். அதில் மட்டம் என்ற வாடை உண்டு. ‘ரீசனபிள்’ நல்ல சொல். ‘பேலன்ஸ்’ என்று நாம் சொல்கிற மீதிச் சில்லறை அவர்களுக்கு ‘சேஞ்ச்’. நீங்கள் ‘பேலன்ஸ்’ என்றால் அவர் இன்னும் தர வேண்டிய பாக்கி என்று எடுத்துக்கொண்டு பர்ஸைத் திறக்கலாம். ‘கீப் த சேஞ்ச்’ என்றால் மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறார், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சங்குக்குப் பொதுவாகச் சொல்லும் சொல் ‘காங்க்’. ‘கான்ச்’ என்று உச்சரிப்பவர்களும் உண்டு, இரண்டும் சரி. ஆனால் நம் கடலின் பூசைச் சங்குக்கென்றே ஆங்கில அகராதியில் ‘சாங்க்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சங்கு என்பதுதான் அப்படி ஆகிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்துச் சங்கு குளிப்புக் கணக்குகளில் அந்தச் சொல்தான் இருக்கும். கட்டுமரமும் இதே போலக் கடல் கடந்துபோய் ‘கேட்டமரான்’ ஆனது. ஆனது மட்டுமல்ல, அர்த்தமும் மாறி, இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய படகுக்குப் பெயராகிவிட்டது. நம் மரத்தைக் காட்டி ‘கேட்டமரான்’ என்றால் வந்தவர் சொகுசுப் படகைத் தேடுவார். நாம் அவர்கள் சொல்லை மாற்றிவிட்டோம் என்று இங்கிலீஷ் படித்தவர்கள் சிரிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கடையில் சண்டை வராமலிருக்க ஒரு பாடம். குழந்தை கை பட்டு ஒரு சிப்பி கீழே விழுந்து நொறுங்குகிறது. தமிழில் நமக்கு இரண்டு வழி: ‘உடைந்தது’, ‘உடைத்தாய்’. ஒரு சின்ன எழுத்தில் பழி இறங்குகிறது, அல்லது ஏறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ப்ரோக்’ ஒன்றே. ‘இட் ப்ரோக்’ என்றால் உடைந்துவிட்டது, ‘யூ ப்ரோக் இட்’ என்றால் நீ உடைத்தாய். முன்னால் நிற்பது ‘இட்’டா ‘யூ’வா என்பதில்தான் மரியாதை. அதே போல ஓடுவும் ஓட்டுவும் ‘ரன்’தான், ‘ஐ ரன் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறேன். திரும்புவும் திருப்புவும் ‘டர்ன்’. ஆனால் உயர், உயர்த்து மட்டும் நம்மைப் போலவே பிரிந்திருக்கின்றன: ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு 17 மீட்டர் வரை மேலே போகும். துண்டு உயர்கிறது என்றால் ‘ரைசஸ்’. ஊழியர்கள் அதை உயர்த்துகிறார்கள் என்றால் ‘ரெய்ஸ்’. 1914இலிருந்து நின்ற பழைய பாலத்தின் நடுப்பகுதி வேறு மாதிரி, இரண்டு கதவாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து எழும்பியது; அதைச் சொல்ல ‘ஓப்பன்’ போதும்.

என்னுடைய தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், அர்த்தத்தை ஒரே சொல்லில் அடைத்ததால் வந்தது. டியூஷனுக்கு முன்னால் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்த ஆர்டரில் ‘சில்ட்’ என்று இருந்தது. நான் உள்ளே போய் ‘ஐஸ் மீனாம்’ என்று சொன்னேன். நமக்கு ஐஸ் போட்டதும் ஐஸ் மீன், உறைந்து கல்லானதும் ஐஸ் மீன். அவர்கள் ஃப்ரீசரில் ஏற்றிவிட்டார்கள். ‘சில்ட்’ என்றால் ஐஸில் குளிர்ந்து, அமுக்கினால் சதை அமுங்குகிற பச்சை மீன். மைனஸ் 18 டிகிரியில் கட்டையாகக் கிடப்பது ‘ஃப்ரோஸன்’. வாங்குகிறவர் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்கு முதலாளி பேசியதைத் தமிழிலும் எழுத முடியாது. அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன் அட்டைப்பெட்டியில் ‘நெட் வெயிட்’ என்றிருந்ததைப் பார்த்து, ‘வலையோட எடையா சார்?’ என்று கேட்டான். சிரிக்கிற விஷயமில்லை. வலைக்கும் நிகர எடைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல், ஆனால் உறவே இல்லாத இரண்டு சொற்கள். நிகர எடையின் ‘நெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, சுத்தமான என்று பொருள். பெட்டி, ஐஸ் எல்லாம் கழித்துச் சுத்தமாக எவ்வளவு மீன் என்பதுதான் அது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாம்பன்காரருக்கு இது கடைச் சரக்கைவிட முக்கியம். போனுக்கு வருகிற வானிலைச் செய்தியில் இருப்பதும் எளிய சொற்கள்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்பட்டது. ‘ஹெவி ரெயின்’ என்றால் ‘நல்ல மழை’ என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. கடல் ‘ரஃப்’ என்றால் அலை இரண்டரை மீட்டருக்கு மேல். ‘டிப்ரெஷன்’ என்று வந்தால் யாருக்கும் மனசு சரியில்லை என்று அர்த்தமல்ல, காற்று 17 முதல் 27 நாட் வரை வீசுகிற காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 34 நாட் தொட்டால் அது புயல், பெயர் வைத்துவிடுவார்கள். ‘நாட்’ என்பது முடிச்சு. பழைய மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போயிற்று என்று எண்ணி வேகம் பார்த்தார்கள், பேர் நின்றுவிட்டது. ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

அப்புறம் அந்த நிறங்கள். செய்தித்தாளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாவற்றையும் ‘அலர்ட்’ என்றே போட்டுவிடுகிறார்கள். வானிலைத் துறையின் கணக்கில் மஞ்சள் ‘வாட்ச்’, ஆரஞ்சு ‘அலர்ட்’, சிவப்பு ‘வார்னிங்’. மேலே சொன்ன அதே ‘வாட்ச்’தான், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிரு. ‘அலர்ட்’ என்றால் தயாராகு. ‘வார்னிங்’ வந்தால் பார்ப்பதற்கும் தயாராவதற்கும் நேரம் முடிந்தது, செய்ய வேண்டியதைச் செய். ‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர்’, அதாவது மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்கிற வரியில் ‘வென்ச்சர்’ வெறும் போவது அல்ல. ஆபத்து தெரிந்தே துணிந்து இறங்குவது. அந்த ஒரு சொல்லிலேயே நம் ஆட்களை நன்றாகப் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.

சுற்றுலாக்காரர்கள் ‘இஸ் திஸ் த ஓஷன்?’ என்று கேட்பார்கள். ‘ஓஷன்’ பெருங்கடல், இங்கே இருப்பது அதைவிடச் சின்னவை இரண்டு. வடகடல் ‘பே’, அதாவது பாக் விரிகுடா. தென்கடல் ‘கல்ஃப்’, மன்னார் வளைகுடா. விரிகுடாவுக்கும் அப்பால், இலங்கைக்கும் நமக்கும் நடுவே வங்கக்கடலுக்குப் போகிற குறுகல் ‘ஸ்ட்ரெய்ட்’, நீரிணை. ‘பாக்’ என்பது ராபர்ட் பாக் என்ற சென்னை கவர்னரின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒரு ‘எல்’ வரும், ஆனால் ‘டாக்’, ‘வாக்’ போல அது ஊமை. வடநாட்டு ஆட்கள் ‘பால்க்’ என்பார்கள். நம் தமிழ் எழுத்து சரியாக இருக்கிறது, அதையே சொல்லுங்கள்.

அகராதி வாங்குவதானால், ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொல்லை வரிசையாகக் கொடுக்கிற சின்னப் புத்தகம் வேண்டாம். கற்பவர்களுக்கென்றே இருக்கிற அகராதிகள் இரண்டாயிரம், மூவாயிரம் எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வாக்கியமும் கொடுக்கும். போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அர்த்தத்தை விட்டுவிட்டு முதலில் அந்த வாக்கியத்தைப் படியுங்கள்.

அடியைக் கடைசிக்கு என்று சொல்லியிருந்தேன். மணி அடி என்றால் ‘ரிங்’. காற்று அடிக்கிறது என்றால் ‘ப்ளோ’. வெயில் அடிக்கிறது என்றால் ‘இட்ஸ் ஹாட்’ போதும். போர் அடிக்கிறது என்பதற்கு ‘ஐ அம் போர்ட்’. ‘ஐ அம் போரிங்’ என்றால் நானே ஒரு அறுவை என்று ஒப்புக்கொண்டதாகும். புயல் அடித்தது என்பதற்கு மட்டும் நேராக ‘ஹிட்’.

இது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையச் சுவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உங்கள் கடையில் நின்று ‘வாட் ஹேப்பண்ட் ஹியர்?’ என்று கேட்பார்கள். இங்கே என்ன நடந்தது? பெரிய ஆங்கிலம் தேவையில்லை, இவ்வளவு போதும்: ‘எ சைக்ளோன் ஹிட் திஸ் டவுன் இன் டிசம்பர் 1964. இட் கேம் அட் நைட். த சீ டுக் த ஹவுசஸ். இட் டுக் எ டிரெயின் வித் ஆல் த பீப்பிள் இன் இட். தே நெவர் பில்ட் த டவுன் அகைன்.’ புயல் ஊரை அடித்தது, ராத்திரியில் வந்தது, கடல் வீடுகளைக் கொண்டுபோயிற்று, ஆட்களோடு ஒரு ரயிலையும் கொண்டுபோயிற்று, ஊரைத் திரும்பக் கட்டவே இல்லை. ‘டேக்’ என்பதை எடு என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் கடல் ரயிலை ‘எடுத்தது’ என்று நிற்கும். ‘கொண்டுபோயிற்று’ என்கிற வேலையையும் அதே பொடிச் சொல்தான் செய்கிறது. ‘டிஸ்ட்ராய்ட்’, ‘டெவஸ்டேட்டட்’ என்று தேடிப் போகாதீர்கள். ஐந்து வரியையும் மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். சொல்லி முடித்த உடனே கையில் இருக்கிற சங்கை எடுத்து நீட்டாதீர்கள், கொஞ்ச நேரம் அவர்களைச் சும்மா விடுங்கள்.